சாஃப்ட்வேரை இடம் மாற்ற வந்தவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற மனிதருக்குக் கோபமே வராது. கோபம் வராத ஆளோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று எனக்கு அவரால்தான் தெரிந்தது. நாம் கத்துவோம், அவர் தலையை ஆட்டுவார். நாம் இன்னும் கத்துவோம், அவர் இன்னும் ஆட்டுவார். கடைசியில் நமக்குத்தான் சோறு இறங்காது.

பேர் சொல்ல மாட்டேன். நசரத்பேட்டையில் ஹைவேயை ஒட்டி இருக்கிற ஃப்ளாட்டுகளில் ஒன்றில் குடியிருந்தார். பேர் சொன்னால் அந்த பிளாக்கில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். நான் ‘சார்’ என்றேன், அவர் ‘அக்கா’ என்றார். தென்காசிப் பக்கத்து ஆள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர் இருப்பார். இப்போது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொல்கிறார்கள். அவர் இடம் மாற்றிக் கொடுத்த சாஃப்ட்வேர் மட்டும் என் கடையில் இன்றைக்கும் ஓடுகிறது.

என் கடை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. ஸ்கூல் யூனிஃபார்மில் சட்டைப் பைக்கு மேலே ஒரு சின்னம் தைத்திருக்குமே, அந்த பேட்ஜ்தான் எனக்கு முக்கியமான வேலை. கல்யாண சீசனில் ஜாக்கெட்டுக்குப் பூ வேலையும் உண்டு. டிசைனை முதலில் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரில் வரைய வேண்டும். பிறகு அதை பென் டிரைவில் போட்டு மெஷினில் சொருகினால் மெஷின் தைக்கும். பதினோரு வருஷமாக நான் வரைந்த டிசைன் நானூறுக்கு மேல். அந்த ஒரு சாஃப்ட்வேரைத் தவிர வேறு எதிலும் அவை திறக்காது. அதை விற்றவன் கடையைக் காலி செய்துவிட்டுப் போய் வெகு காலம் ஆகிறது. மறுபடி ஏற்றிக்கொள்ள சிடி கொடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. யார் கண்டது?

அந்த வருஷம் மே மாத வெயிலில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போட்டால் இருபது நிமிஷம் ஓடும், சூடேறித் தானாக அணைந்துவிடும். மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் இன்னும் ஒரு பத்து நிமிஷம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. என்னுடைய பெரிய பள்ளிக்கூடம் அந்த வருஷம்தான் சின்னத்துக்குக் கீழே இருக்கிற எழுத்தை மாற்றியிருந்தது. பழைய டிசைனைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினால் ஆயிரத்துச் சொச்சம் பேட்ஜ் என் கையில். திறக்க முடியாவிட்டால் ஆர்டர் போச்சு. அது போனால் அந்த வருஷமே போச்சு.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். சாஃப்ட்வேரை நானே மாற்றிவிட்டேன். எப்படித் தெரியுமா? திரையில் ஒரு சின்னப் படம் இருக்கும் அல்லவா, ஊசியும் நூலும் போட்டது, அதைத்தானே தினம் இரண்டு தட்டு தட்டித் திறக்கிறேன். அதைப் பிடித்து பென் டிரைவில் போட்டு, புதுசில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இதற்கா எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் ஆள் கூப்பிடச் சொன்னார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ஜெராக்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அந்த ஆளிடம் ஒரு மாசம் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் நசரத்பேட்டை சார் தன் மகளுடைய யூனிஃபார்மோடு வந்தார், பேட்ஜ் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு. நான் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் பென் டிரைவை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“இது வாசல்ல தொங்குத பேர்ப் பலகைக்கா. வீடு அங்கனயே இருக்கு. வீட்டைல்லா எடுக்கணும்?” என்றார். “அப்படியே எடுத்துருவோம்.”

எவ்வளவு நாள் ஆகும் என்றேன். பாத்துக்கிடலாம்க்கா என்றார். எது கேட்டாலும் அவரிடம் முதலில் வருகிற பதில் அதுதான்.

மறுநாள் எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, முதுகில் கறுப்புப் பை. கழுத்தில் கம்பெனி கார்டு நாடா தொங்குகிறது, அதன் நுனி சட்டைப் பைக்குள்ளே. ஆபீஸ் இல்லையா என்று கேட்டேன். வீட்டில் இருந்தே வேலை பார்க்கிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள், நடுவில் இதையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவருக்கு ஷூ எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு என் பேட்ஜ் கவலை.

ஒரு பொருளை எடுத்தால் அது இருந்த மாதிரியே இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. ஒரு மயிரிழை மாறக் கூடாது. முதலில் என் மேஜையை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். ஒவ்வொரு ஒயருக்கும் பேப்பர் ஒட்டி நம்பர் போட்டார். பழைய கம்ப்யூட்டரில் அந்த விற்றவன் தன் பேரையே போட்டு வைத்திருந்தான், திறந்தால் அவன் பேர்தான் வரும். புதுசிலும் அவன் பேரையே போட்டார். என் கம்ப்யூட்டரில் அந்த ஓடிப்போனவன் பேர் எதற்கு என்று கத்தினேன். ஃபைல் எல்லாம் ஒன்றை ஒன்று தேடிப் போகிற வழியில் அந்தப் பேர் இருக்கிறது, மாற்றினால் அது பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும் என்றார். சரி, அதையாவது ஒத்துக்கொள்ளலாம். பழையதில் திரையின் பின்னணியாக ஒரு ரோஜாப் படம் இருந்தது, அதையும் கொண்டுவந்தார். பழையதின் கடிகாரம் இருபது நிமிஷம் முந்திப் போகும். புதுசிலும் இருபது நிமிஷம் முந்தி வைத்தார்.

“இன்னா சார், தப்பா ஓடுற டைமையுமா தூக்கினு வருவாங்க?” என்று கேட்டேன்.

“எது எதைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாதுக்கா,” என்றார்.

அதற்கு மேல் அந்த மனிதரோடு என்ன பேசுவது?

சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரை முதல் நாளே எடுத்துவிட்டார். புதுசில் வைத்துத் தட்டினால், ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று சொன்னது. அந்த ஃபைல் பழையதில் எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. தேடி எடுத்துக் கொடுத்தார். உடனே இன்னொன்று இல்லை என்றது. அதையும் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றைக் கொடுக்கக் கொடுக்க அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பழையது இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைந்து போகும், ஆறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பெரிய பதிவேடு இருக்கிறதாம், எந்த சாஃப்ட்வேர் எங்கே குடியிருக்கிறது என்று அதில் எழுதி வைத்திருக்குமாம். அதில் நம்முடையதைப் பற்றி எழுதியிருக்கிற பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்துப் புதுசின் பதிவேட்டில் சேர்த்தார். இதெல்லாம் அவர் சொன்னது. எனக்குப் பாதி புரிந்தது.

ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் பச்சைக் கோடு நகரும். அந்த நேரம் அவரால் உட்கார முடியாது. எழுந்து வாசலுக்குப் போவார், மெட்ரோ தூணுக்குப் பள்ளம் தோண்டுகிறதைப் பார்ப்பார், திரும்பி வருவார், கோட்டைப் பார்ப்பார், மறுபடி போவார். உட்கார்ந்தால் வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். என் மேஜையே ஆடும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருத்தர் கால் ஆட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? சார் காலை நிறுத்துங்க என்பேன். நிறுத்துவார். இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஆடும்.

மற்றபடி கடிகாரம் வைத்த மாதிரி. பதினோரு மணிக்கு டீ. ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று அடுக்கு டப்பா, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். ஒன்று இருபத்தைந்துக்கு எழுந்து சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துவிட்டு வருவார். நாலு மணிக்கு இன்னொரு டீ. ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, வரேன்க்கா. வெள்ளிக்கிழமை ஆனால் சட்டை கிடையாது, காலர் வைத்த டி-ஷர்ட். எதற்கு என்று கேட்டேன். ஆபீஸில் வெள்ளிக்கிழமை அப்படித்தான் என்றார். என் கடைக்கு வருவதற்கும் வெள்ளிக்கிழமை டி-ஷர்ட்டா என்று கேலி செய்தேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

வீடு மாறின கதை ஒன்றும் சொன்னார். ஆவடியில் வாடகை வீட்டிலிருந்து இந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது, பழைய வீட்டில் காலண்டர் மாட்டின ஆணி தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்துகொண்டு வந்தாராம். ஃபிரிட்ஜ், கட்டில், சாமி படம் எல்லாம் அதே பக்கம். எரியாத ஒரு பல்பு கழிவறைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததாம், அதையும் கழற்றிக்கொண்டு வந்து புது வீட்டில் அதே இடத்தில் மாட்டினாராம். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அவளுக்குப் பழகிருச்சுக்கா என்றார். நான் அந்த அம்மாவுக்காக மனதுக்குள் பரிதாபப்பட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்ததில் கழுத்து நாடாவின் நுனி சட்டைப் பையிலிருந்து நழுவி வெளியே விழுந்து தொங்கியது. பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒன்றும் இல்லை. கார்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உறை ஆடுகிறது.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை போயிருந்தது. போகச் சொல்லும்போது கார்டைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்புவார்களாம். இவர் மிச்சமிருந்த நாடாவை மாட்டிக்கொண்டு, அதே ஷூ, அதே பை, அதே சாப்பாட்டு டப்பாவோடு அதே நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். வீட்டில் சொல்லவில்லை.

நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. மேலே வந்தவர் நாடா நுனியை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் திரும்பி நூல்கண்டு தேடுகிற மாதிரி நின்றேன். என் வாய்க்கு அன்றைக்கு நான் பூட்டுப் போட்டது பெரிய விஷயம். அன்றிலிருந்து டீக்காரரை நாலு மணி டீயோடு இரண்டு வடையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

ஆனால் பள்ளிக்கூடம் காத்திருக்குமா? தினமும் போன். இந்த வாரம் சாம்பிள் காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள். நான் இவரைக் கேட்பேன். பாத்துக்கிடலாம்க்கா. இன்றைக்கு ஆகுமா? இன்னும் ஒண்ணு மட்டும் பாத்துருதேன். ஃபைல் எல்லாம் வந்துவிட்டது, பதிவேடும் ஏறிவிட்டது, ஆனாலும் சாஃப்ட்வேர் பூட்டைக் கேட்கிறது என்றார். பூட்டு என்றால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒன்று சொருகியிருக்கும். அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் நம்மை உள்ளே விடும். பழையதில் இருந்து பிடுங்கிப் புதுசில் சொருகியாயிற்று. ஆனாலும் இல்லை இல்லை என்கிறதாம்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து ஆபீஸ் அம்மாவுக்கு நானே போன் போட்டு, இந்தத் தரம் எங்களால் முடியாதும்மா என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அழுதேன். பதினோரு வருஷம் அந்தப் பிள்ளைகளின் சட்டையில் என் தையல் இருந்திருக்கிறது. ஆவடியில் யாரோ ஒருத்தருக்கு ஆர்டர் போய்விட்டது. இவர் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் கால் ஆடவில்லை. மனசு கஷ்டப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, உங்க தப்பு இல்ல சார் என்று நான் அவருக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை. அவர் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போயிருந்தார். நான் மேஜைக்குப் பின்னால் விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தேன். அந்தப் பூட்டு கண்ணில் பட்டது. பளிச்சென்று இருந்தது.

அது எப்படிப் பளிச்சென்று இருக்கும்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷின், கத்தரி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். பூட்டுதானே முக்கியம் என்று அதற்கு மட்டும் ஒரு அப்பு அதிகமாகவே அப்புவேன். பதினோரு வருஷத்துச் சந்தனம் அதில் காய்ந்து கிடந்தது. பழையதில் அதை யாரும் பிடுங்கினதே இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. பிடுங்கிப் புதுசில் சொருகியபோது, பூட்டின் வாயோரம் இருந்த சந்தனக் கட்டி உள்ளே போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் கம்ப்யூட்டர் பூட்டு இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறது. என் பக்தி என் ஆர்டரையே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதை யாரோ சுரண்டித் துடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அவரைத் தவிர யார்?

உட்கார்ந்து ஊசி நூல் படத்தை இரண்டு தட்டு தட்டினேன். திறந்துகொண்டது.

பக்கத்தில் அவர் நோட்டு இருந்தது. புரட்டினேன். என் டிசைன்களின் பேர் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக், ஒரு தேதி. புதுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தது, தையல் எண்ணிக்கை சரி, கலர் சரி. முதல் டிக் போன செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்கூடத்துக்கு முடியாது என்று அழுதது வியாழக்கிழமை.

ஒன்று நாற்பதுக்கு அவர் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“எல்லா டிசைனையும் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லலாம்னு...” என்று ஆரம்பித்தார். 

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மனதில் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததை எடுத்து அவர் முகத்திலேயே வீசினேன்.

“உங்களுக்கு ஆபீஸ் இல்லன்னா என் கடைதான் கெடச்சுதா சார்? எனக்கு இருந்த ஒரே ஆர்டரு. அத்தையும் தொலைச்சிட்டு உக்காந்துகினு கீறேன். நீங்க டிக் போட்டுகினு கீறீங்க.”

தலையை ஆட்டினார். எப்போதும் போல ஆட்டினார். அவர் கை மட்டும் சட்டைப் பைக்குப் போய் அந்த நாடா நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மன்னிச்சிருங்கக்கா என்றார். டப்பாவையும் நோட்டையும் பையில் போட்டார். நாற்காலியை முதல் நாள் எங்கே இருந்ததோ அங்கே கொண்டுபோய் வைத்தார். போய்விட்டார்.

அரை மணி கழித்து வாசலுக்கு வந்து பார்க்கிறேன், சந்து முனையில் மெட்ரோ பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். உச்சி வெயில். ஆறு மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா? பஸ் வருகிறது, போகிறது, இவர் ஏறவில்லை. கூப்பிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வீம்பு விடவில்லை. உள்ளே வந்துவிட்டேன். மூன்று மணிக்கும் நின்றுகொண்டிருந்தார். நாலு மணிக்குப் பார்த்தபோது இல்லை.

அதற்கப்புறம் அந்த சாஃப்ட்வேரில் வேலை செய்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஒரு பூ இதழ் மாறவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏதாவது ஒன்றாவது கெட்டுப் போயிருந்தால் மனசாரத் திட்டிக்கொண்டே தைத்திருப்பேன். ரோஜாப் படத்தைப் பார்த்தால் அவர் ஞாபகம், கடிகாரத்தைப் பார்த்தால் அவர் ஞாபகம். பதினோரு மணிக்கு டீக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து வைப்பார். ஒன்று என்று சொல்ல நாக்கு எழாமல் இரண்டையும் நானே குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு அம்மா ஜாக்கெட் துணியோடு வந்தார். கைக்குப் பூ வேலை வேண்டும் என்றார். நான் பேட்டர்ன் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. மூலையில் காலியாக இருந்த நாற்காலியையே பார்த்தார். பேச்சைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே ஊர்ப் பேச்சு.

அவர் இங்கதானக்கா வந்துக்கிட்டு இருந்தாரு, என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். வேலை போன விஷயம் முதல் வாரமே தெரியுமாம். கூட வேலை பார்த்த ஒருத்தருடைய மனைவி போன் பண்ணிச் சொல்லிவிட்டார். இவர் காலையில் ஷூ போட்டுக்கொண்டு நின்றபோது, அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க மனசு வரவில்லையாம். பேசாமல் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாராம் இந்த அம்மா. எங்கே போகிறார், ரயில் பக்கம் போகிறாரா, ஏரிப் பக்கம் போகிறாரா என்று பத்து நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாராம்.

“அப்புறம் ஒரு நாள் துவைக்கப் போட்ட பேன்ட்ல கலர் கலரா நூலு ஒட்டிருந்துது. மறுநாளும் இருந்துது. மகளுக்கு பேட்ஜ் தைக்கக் கொடுத்த கடைதான்னு புரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துது.” நிறுத்தினார். “இப்ப மூணு நாளா நூலே இல்லக்கா. டப்பாவும் அப்படியே திரும்பி வருது. இங்க வேலை முடிஞ்சிட்டா?”

முடிந்துவிட்டது என்று சொன்னால் உண்மை. நான்தான் விரட்டினேன் என்று சொன்னால் அதுவும் உண்மை. என் ஆர்டர் போனதும் உண்மைதான். ஆனால் மூன்று நாளாக ஒரு மனிதர் சாப்பிடாமல் எங்கேயோ நிற்கிறார், அந்த இடம் எது என்று இந்தப் பூமியில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். இன்னும் பாதிகூட முடியலம்மா, நடுவுல நான் ரெண்டு நாள் லீவு விட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தார்.

“சார், நான்தான்.”

ஒரு மீட்டிங்கில் இருக்கிறேன்க்கா என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் கோயம்பேடு கோயம்பேடு என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கும் அது கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“சாஃப்ட்வேரு தொறக்க மாட்டேங்குது சார்.”

என் பின்னால் மெஷின் அதன் பாட்டுக்கு ஒரு ஜாக்கெட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தது, காலையில் அந்த சாஃப்ட்வேரில் வரைந்த பூவை. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் போனில் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். எதில் வரைந்ததை எது தைக்கிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

கண்டக்டர் குரல் தள்ளிப் போனது, அவர் நடக்கிறார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலில், “என்ன எரர் காட்டுதுக்கா?” என்று கேட்டார்.

திரையில் டிசைன் திறந்தபடி கிடந்தது, பூவும் இலையுமாக. எனக்குக் கண்ணை நீர் மறைத்தது.

“இன்னாவோ இங்கிலீஷ்ல வர்து சார். எனக்கு இன்னா தெரியும்? நீங்களே வந்து பாருங்க.”